விராலுக்கு முன்னால் இரைமீன்: புதுக் குட்டையில் எத்தனை நாள் காத்திருப்பது?

ஓடைக்காட்டான் (கோபி பக்கம்), ஆவணி 28

வணக்கம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் ஒரு மூலை உண்டு. கசிவுநீர் நின்று மஞ்சளும் வராது, நெல்லும் சரியாக வராது. சித்திரையில் அந்த மூலையில் குட்டை வெட்டிவிட்டோம். 20 செண்ட். நடுவில் 6 அடி ஆழம், ஓரத்தில் 2 அடி. அடியில் களி இருப்பதால் விரிப்பு எதுவும் போடவில்லை. ஆகஸ்ட் 15-க்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நிரம்பி நிற்கிறது.

விற்பதற்கு இல்லை. வீட்டுக்குச் சாப்பிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாமன் மச்சான் வந்தால் தூண்டில் போட வேண்டும், அவ்வளவுதான். விரால்தான் வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். சின்ன வயதில் ஓடையில் தவளையைக் கோத்து விரால் தூக்கிய கதையை எனக்குச் சொல்லி முடித்து, இப்போது என் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தீவனம் வாங்கிப் போடும் எண்ணம் இல்லை. பொடிமீன் குட்டையிலேயே பெருகவேண்டும், விரால் அதைத் தின்று வளரவேண்டும்.

இதுவரை விட்டது: வாய்க்காலில் அரித்த கெண்டைப்பொடி 5 கிலோ போல, ஜிலேபி மீன் (திலாப்பியா) பெரிதும் சிறிதுமாக 2 கிலோ. பத்து நாள் ஆகிறது. 500 விரால் குஞ்சு சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது விடலாம்?


குட்டைக்காரன் (தாராபுரம்), ஆவணி 28

சொல்லி வைத்ததை முதலில் வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததையே நீங்கள் செய்யப் போகிறீர்கள். அமராவதித் தண்ணீரில் நிரம்பிய 15 செண்ட் குட்டை. ஒரே நாளில் 10 கிலோ பொடிமீனும் 300 விரால் குஞ்சும் விட்டேன். முதல் மாதம் பார்க்க அழகாக இருந்தது. அந்தி நேரத்தில் ஓரத்தில் நின்றால் பொடிமீன் சிதறித் துள்ளும், அதன் பின்னால் தண்ணீர் பிளக்கும். இரண்டாம் மாதம் ஒரு துள்ளல் கூட இல்லை. குட்டை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் தண்ணீர் வற்றியதும் எண்ணிப் பார்த்தால் 41 விரால். ஒவ்வொன்றுக்கும் தலை பெருத்து, பிடரிக்குப் பின்னால் உடம்பு சுருங்கி, சம்மட்டியும் பிடியும் போல இருந்தது. மீதி 259 எங்கே என்று கேட்காதீர்கள். அந்த 41 வயிற்றுக்குள் போனதுதான்.


ஆனைமலையான், ஆவணி 29

எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு மீனுக்கு மீன் வளர்ப்பதைவிடக் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து விட்டுவிட்டால் என்ன? ஏக்கருக்கு 4000 குஞ்சு என்பது வழக்கமான கணக்கு. 20 செண்டுக்கு 800. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டால் பத்து மாதத்தில் வீட்டுக்கும் ஆகும், ஊருக்கும் ஆகும். எங்கள் தென்னந்தோப்புக் குட்டையில் அதுதான் நடக்கிறது. விராலுக்கு இறைச்சி போட்டு இறைச்சி எடுப்பது எந்த ஊர்ப் பண்ணையம்?


ஓடைக்காட்டான், ஆவணி 29

அண்ணா, அதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “கட்லாவுக்குத் தூண்டில் போட்டு எவன் கதை சொல்வான்?” என்று கேட்டுவிட்டார்.


பழைய வலை, ஆவணி 30

மீன்வளத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலைத் தம்பி சொன்னது பணக்கணக்கில் சரி. ஆனால் இவர் கேட்டது வேறு. வேட்டையாடும் மீனையும் அதற்கு இரையாகும் மீனையும் ஒரே குட்டையில் இரண்டும் அழியாமல் வைத்திருப்பது எப்படி என்பது கேள்வி. இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்னில் இருந்த ஸ்விங்கிள். அங்கே பண்ணைக் குட்டைகளில் பாஸ் என்ற வேட்டை மீனையும் புளூகில் என்ற இரைமீனையும் சேர்த்து வளர்க்கிறார்கள். நிறையக் குட்டைகளை வற்றவைத்து, உள்ளே இருந்த ஒவ்வொரு மீனையும் எடைபோட்டு, 1950-இல் ஒரு விகிதம் சொன்னார். வேட்டை மீன் 1 கிலோ இருந்தால் இரைமீன் 3 முதல் 6 கிலோ வரை இருக்கும் குட்டைதான் நன்றாக நடக்கிறது என்றார். அந்த ஊர்க் குளிரும் மீனும் வேறு, எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வரமுடியாது. ஆனால் நினைவில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர் சொல்வது குட்டையில் எந்த நாளும் நிற்கவேண்டிய முதல். விரால் தின்று தீர்ப்பது அந்த முதலின் வட்டியை மட்டும்தான். நம் ஆட்கள் 5 கிலோ முதலைப் போட்டுவிட்டு 500 வாயை அவிழ்த்துவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் 500-க்கு வருவோம். ஒரு விரால் உடம்பில் 1 கிலோ ஏற, உயிர்மீனாக 5, 6 கிலோவாவது தின்னவேண்டும். தவளை, தும்பிப்புழு, தண்ணீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் குறையலாம். 500 விராலில் பாதி பிழைத்து ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆனால் 125 கிலோ. அதற்கு இரை 600, 700 கிலோ. தீவனம் இல்லாமல் சாணியும் வெயிலும் மட்டும் கொண்டு 20 செண்ட் குட்டை ஒரு வருடத்தில் மொத்தமாகவே 80 முதல் 120 கிலோ மீன்தான் கொடுக்கும், அதுவும் நன்றாகப் பார்த்துக்கொண்டால். 100 கிலோ என்று வைத்தால் 20 கிலோ விரால். அரைக் கிலோ உருப்படியாக 40.

ஆக 500 அல்ல, 40. அதையும் இப்போது அல்ல. கெண்டைப்பொடியும் ஜிலேபியும் இரண்டு ஈடு குஞ்சு பொரித்த பிறகு, குறைந்தது மூன்று மாதம் கழித்து.


சாளைவீட்டு அக்கா (காங்கேயம்), ஆவணி 30

ஐயா சொன்ன கணக்கைப் படித்துவிட்டு என் குட்டையைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். 30 விரால் விட்டிருக்கிறேன். தப்பித்தேன்.

தம்பி, தண்ணீர் இப்போது என்ன நிறம்? குட்டைக்குள் இறங்கி முழங்கை வரை கையை விடுங்கள். விரல் நுனி தெளிவாகத் தெரிந்தால் உங்கள் பொடிமீனுக்கே சாப்பாடு இல்லை என்று பொருள். உள்ளங்கை மங்கி மறையவேண்டும், தண்ணீர் எலுமிச்சை இலை நிறத்தில் இருக்கவேண்டும். விராலுக்கு இரை பொடிமீன், பொடிமீனுக்கு இரை அந்தப் பச்சை. அதைத் தயார் செய்யாமல் மீனை மட்டும் கொண்டுவந்து கொட்டுவது, அடுப்பு மூட்டாமல் பந்தி விரிப்பது போலத்தான்.


ஓடைக்காட்டான், புரட்டாசி 2

கைவிட்டுப் பார்த்தேன் அக்கா. நகத்தில் இருந்த மஞ்சள் கறை வரைக்கும் தெரிகிறது.


பழைய வலை, புரட்டாசி 2

சாணிதான் மருந்து. மட்கிய சாணி முதல் தடவை 150 கிலோ, ஓரமாகச் சுற்றிக் கரைத்து விடுங்கள். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கூடை, நிறம் பார்த்து. சாக்கில் கட்டி மூலைகளில் தொங்கவிட்டால் மெல்ல ஊறி இறங்கும், வேண்டாத நாளில் தூக்கிவிடலாம். மானம் மூடியிருக்கும் நாளில் போடவே கூடாது. சுண்ணாம்பு உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. நம் பக்கத்து மண்ணும் கிணற்று நீரும் ஏற்கெனவே சுண்ணாம்புக் குணம் கொண்டவை.

இன்னொன்று. வாய்க்கால் தண்ணீரை எப்படி உள்ளே விட்டீர்கள்? வலை கட்டினீர்களா?


ஓடைக்காட்டான், புரட்டாசி 2

மதகிலிருந்து நேராக. வலை எதுவும் கட்டவில்லை ஐயா.


குட்டைக்காரன், புரட்டாசி 3

போச்சு. விராலை நீங்கள் விடாவிட்டாலும், அதைப் போலவே பொடிமீனைத் தின்னும் குரவை வந்து உட்கார்ந்திருக்கும். கெளுத்தியும் வந்திருக்கும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது பைப் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் பையாகத் தைத்துக் கட்டுங்கள். தினமும் ஒருமுறை அவிழ்த்து உதறவேண்டும், இல்லாவிட்டால் குப்பை அடைத்து வலை கிழியும்.

குட்டையை முழுக்கச் சுத்தம் செய்து மறுபடி தொடங்குவதென்றால் இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. ஆனால் இருக்கிற பொடிமீனும் சேர்ந்து சாகும்.


பழைய வலை, புரட்டாசி 3

இலுப்பைப் புண்ணாக்கின் அளவு தெரியாமல் போடுபவர்கள் அதிகம். ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். 20 செண்டில் சராசரி 1 மீட்டர் நின்றால் 200 கிலோ வேண்டும். நஞ்சு இறங்க மூன்று வாரம் விடவேண்டும், பிறகு அதுவே எருவாகிவிடும். ஆனால் நிரம்பி நிற்கும் குட்டைக்கு இப்போது அந்தச் செலவு வேண்டாம். கோடையில் தண்ணீர் அடியோடு இறங்கும்போது யோசிக்கலாம்.


ஆனைமலையான், புரட்டாசி 4

ஜிலேபியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லாக் குட்டையையும் கெடுத்தது அதுதான். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள், இன்று அது இல்லாத அணை உண்டா? மூன்று மாதத்தில் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். ஒரு வருடத்தில் குட்டை முழுக்க நான்கு விரல் நீளத்தில் ஜிலேபியாக நிற்கும், பெரிதாகவும் ஆகாது, சாகவும் ஆகாது. இரைமீன் என்று அதை வேண்டுமென்றே விடுகிறார்கள்! கெண்டைப்பொடி மட்டும் போதும் என்பது என் கட்சி.


சாளைவீட்டு அக்கா, புரட்டாசி 4

அண்ணா, நீங்கள் சொல்லும் குற்றம்தான் விரால் குட்டையில் அதன் குணம். விரால் இல்லாத குட்டையில் ஜிலேபி தொல்லை. விரால் உள்ள குட்டையில் அது அட்சயபாத்திரம்.

கெண்டைப்பொடியை நம்பித்தான் நானும் தொடங்கினேன். அது முட்டையைப் பாசியிலும் புல்லிலும் தூவிவிட்டுப் போய்விடும், காவல் கிடையாது. அதன் முட்டையை அதுவே தின்னும், மற்றதும் தின்னும். புதுத்தண்ணீர் வரும் மழை மாதங்களில்தான் நன்றாகப் பெருகும். ஜிலேபி அப்படி இல்லை. ஆண் ஓரத்தில் தட்டு அகலத்துக்குக் குழி பறிக்கும். அந்த நாளில் அதன் உடம்பு கரி பூசியது போலக் கறுத்து, தாடை மட்டும் வெளுத்திருக்கும். முட்டையிட்டதும் பெண் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். வாயிலேயே பொரிக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகும், உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், அத்தனையும் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். அந்த நாட்களில் தாய் சரியாகச் சாப்பிடுவது கூட இல்லை.

போன மாசியில் ஒரு ஜிலேபியை வலையோடு தூக்கிக் கையில் எடுத்தேன். என் உள்ளங்கையில் வாயைத் திறந்து ஒரு பிடி குஞ்சைத் துப்பியது. கடுகில் கண் வைத்தது போல. குழம்புக்கு என்று எடுத்ததைத் திரும்ப விட்டுவிட்டேன்.


ஆனைமலையான், புரட்டாசி 4

விட்டது தப்பு என்றுதான் சொல்வேன், ஆனால் உங்கள் எழுத்துக்காக விட்டுவிடுகிறேன்.


குட்டைக்காரன், புரட்டாசி 5

இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது வாய் அளவு. விரால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ள மீனைத் தாராளமாக விழுங்குவதில்லை. அதிலும் ஜிலேபி தட்டையாக, முதுகில் முள்ளோடு இருக்கும். ஒரு சாண் விராலுக்கு இரண்டு விரல் ஜிலேபிதான் சாப்பாடு. உள்ளங்கை அளவு தாண்டிய ஜிலேபி விராலுக்கு இரை இல்லை, பொடிமீனின் தீனிக்குப் பங்காளி. ஆகவே வீச்சுவலை ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை பெரிய ஜிலேபியைக் குழம்புக்கு எடுத்துவிடவேண்டும். தாய்க்கு என்று ஒரு இருபது உருப்படி போதும்.


பழைய வலை, புரட்டாசி 5

அந்த இருபதையும் விரால் தொந்தரவு இல்லாமல் வைத்தால் இன்னும் நல்லது. நான்கு மூங்கில் நட்டு, ஓர ஆழமற்ற மூலையில் வலைக்கூண்டு கட்டுங்கள். பத்தடிக்குப் பத்தடி. ஒரு அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள வலை. தாய் ஜிலேபி உள்ளே, விரால் வெளியே. குஞ்சு வளர வளரத் தானாகவே கண் வழியே வெளியே வந்துகொண்டிருக்கும். அது தப்பி வரும் வேகம்தான் உங்கள் விராலுக்குச் சோறு. வலையின் அடி விளிம்பைச் சேற்றில் புதைத்து, மேல் விளிம்பு தண்ணீருக்கு மேல் இரண்டடி நிற்கவேண்டும். விரால் எகிறும்.

கெண்டைப்பொடிக்கு எதிர் மூலையில் வேலம்பாசி கொஞ்சம், காய்ந்த தென்னை மட்டை நான்கைந்து. ஒளிய இடம் இல்லாத குட்டையில் இரைமீன் ஒரே மாதத்தில் துடைத்துப் போய்விடும். பச்சை மட்டை போடாதீர்கள், அழுகும்.


சாளைவீட்டு அக்கா, புரட்டாசி 6

என்னுடையது விரிப்புக் குட்டை, மூங்கில் நடமுடியாது. அதனால் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் மாடு தண்ணீர் குடிக்க வைத்திருந்த பழைய சிமெண்ட் தொட்டியில் தாய் ஜிலேபி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு சாண் செம்மண். விரிப்பின் மேல் மண் இல்லாமல் அது குழி பறிக்கமுடியாது என்பதை ஒரு வருடம் வீணான பிறகுதான் கண்டுபிடித்தேன். வாரம் ஒருமுறை டீ வடிகட்டி மாதிரி ஒரு வலையில் குஞ்சை அள்ளிக் குட்டையில் விடுகிறேன். மழைக்காலத்தில் குட்டைக்கு மேல் ஒரு பல்பு தொங்கவிட்டால் ஈசலும் பூச்சியும் விழும். விரால் பல்புக்குக் கீழேயே வந்து நிற்கும், பந்திக்கு முந்துவது போல.


ஓடைக்காட்டான், புரட்டாசி 9

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும்.

நான் முதலில் இங்கே எழுதிய அன்றே குட்டையில் விரால் இருந்தது. மச்சான் பவானியிலிருந்து பைக்கில் ஒரு கேனில் 60 குஞ்சு கொண்டுவந்து, நான் தோட்டத்தில் இல்லாத நேரத்தில் அப்பாவோடு சேர்ந்து விட்டுவிட்டான். நான்கு அங்குலம் இருக்கும். 500 சொல்லி வைத்ததை ரத்து செய்துவிட்டேன். ஆனால் இந்த 60-ஐ என்ன செய்வது? ஓரத்தில் இப்போதே பொடிமீன் துள்ளுகிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் துள்ளல் குறைவு என்று அப்பா சொல்கிறார்.


குட்டைக்காரன், புரட்டாசி 9

அந்தத் துள்ளலைத்தான் நான் முதலில் எழுதினேன்.

மச்சான் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பமுடியாது, அது உலக வழக்கம். பிடிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். நான்கு அங்குல விரால் சேற்றில் தலையைச் செருகினால் வலை அதன் மேலேயே போகும். இன்றே வாய்க்காலில் அரித்து இன்னும் பத்து கிலோ பொடிமீன் விடுங்கள். ஒரு அங்குலத்துக்குள் இருக்கவேண்டும், பெரியதை விட்டு உபயோகம் இல்லை. வலைக்கூண்டை இந்த வாரமே கட்டுங்கள், கிடைக்கிற ஜிலேபியை எல்லாம் உள்ளே போடுங்கள்.


பழைய வலை, புரட்டாசி 10

60 என்பது 40-க்கு அதிகம்தான், ஆனால் தலை போகிற அதிகம் இல்லை. சிறு வயதில் விரால் ஒன்றையொன்று தின்னும், கொக்கும் நீர்க்காகமும் பங்கு கேட்கும். கணக்கை அது தானாகவே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். நீங்கள் கவலைப்படவேண்டியது இரைமீனின் முதல் பற்றி. அது கரைந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது.

பொடிமீன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கெளுத்திக் குஞ்சு என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2000-இலேயே அரசு தடை செய்த மீன் அது. நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு சின்னதாக நடுவில் நிற்கும். அதற்கோ தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே நீளமாக ஓடும். வந்தால் விராலும் மிஞ்சாது, இரையும் மிஞ்சாது.


ஓடைக்காட்டான், ஐப்பசி 17

ஒரு மாதமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சையாகிவிட்டது, உள்ளங்கை மறைந்தது. நேற்றுக் காலை போய்ப் பார்த்தால் கரை ஓரமெல்லாம் கெண்டைப்பொடி வெள்ளையாக வயிறு மேலே தெரிய மிதக்கிறது. இரண்டு கூடை அள்ளினேன். மூன்று நாளாக மழை, மானம் மூட்டமாகவே இருந்தது. யாராவது மருந்து கலந்துவிட்டார்களோ என்று அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். ஆனால் விரால் ஒன்று கூடச் சாகவில்லை, தண்ணீர் மேலே வந்து வந்து போகிறது. அப்படியானால் தண்ணீரில் கோளாறு இல்லைதானே?


சாளைவீட்டு அக்கா, ஐப்பசி 17

அப்பாவை முதலில் கூப்பிடுங்கள் தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாவம்.

சாணி எப்போது போட்டீர்கள்?


ஓடைக்காட்டான், ஐப்பசி 17

மழைக்கு முதல் நாள். ஐந்து கூடை. பச்சை கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிந்தது.


பழைய வலை, ஐப்பசி 17

காரணம் அதுதான். மருந்தும் இல்லை, சூனியமும் இல்லை. வெயில் இருந்தால் அந்தப் பச்சை பகலில் தண்ணீரில் மூச்சுக்காற்றைச் சேர்க்கும். மூட்டத்தில் அது வேலை செய்யாது, இரவில் மீன்களோடு சேர்ந்து காற்றைச் செலவழிக்கவும் செய்யும். சாணி அழுகுவதற்கும் காற்று வேண்டும். விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குத் தண்ணீரில் காற்றே இராது. பொடிமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு சாகும்.

விரால் அந்தக் காற்றை நம்பி இல்லை. மேலே வந்து நேராக ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும், வற்றிய குளத்துச் சேற்றில் கூடத் தாங்குவது அதனால்தான். ஆகவே விரால் குட்டையில் விராலை வைத்துத் தண்ணீரை மதிப்பிடாதீர்கள். தண்ணீர் கெட்டால் முதலில் போவது இரை. விரால் கடைசி வரை நலமாகவே தெரியும், அதற்குள் அதன் சாப்பாடு முடிந்திருக்கும்.

கிணற்று மோட்டாரைப் போட்டு, பைப் வாயில் ஓட்டைத் தகடு கட்டி, தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடியற்காலை மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். வானம் தெளியும் வரை தினமும். சாக்கில் கட்டிய சாணி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். செத்த மீனையும் புதையுங்கள்.


குட்டைக்காரன், ஐப்பசி 18

செத்ததைக் கூடையில் அள்ளியபோது ஜிலேபி எத்தனை இருந்தது?


ஓடைக்காட்டான், ஐப்பசி 18

இரண்டோ மூன்றோ அண்ணா. எல்லாம் கெண்டைதான்.


குட்டைக்காரன், ஐப்பசி 18

ஆனைமலை அண்ணன் இதைப் படிக்கவேண்டும்.


ஆனைமலையான், ஐப்பசி 18

படித்துவிட்டேன். காற்று குறைந்தால் ஜிலேபி தாங்கும் என்று எனக்கும் தெரியும். குட்டையைக் கெடுக்கும் என்று சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை.


ஓடைக்காட்டான், தை 12

இடையில் மகன் பரீட்சை, மஞ்சள் வெட்டு என்று எழுதமுடியவில்லை. மார்கழியில் துள்ளல் கொஞ்சம் மந்தமாக இருந்தது. குளிரில் ஜிலேபி குஞ்சு பொரிப்பது குறையும் என்று ஐயா தனியாகச் சொல்லியிருந்தார், அதனால் பயப்படவில்லை. வாய்க்காலில் இரண்டு முறை பொடிமீன் அரித்து விட்டேன். நீர்க்காகத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டி, மகன் பழைய ஒலிநாடாவை அதில் தொங்கவிட்டிருக்கிறான். காற்றில் பளபளவென்று ஆடுகிறது.

இப்போது குட்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா? இறைத்துப் பார்க்காமல்?


பழைய வலை, தை 12

உண்டு. இதுவும் ஸ்விங்கிள் வழிதான், கருவி மட்டும் நம்முடையது. பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, அடி விளிம்பு தரையில் உரச, ஓரத்தில் பத்தடி இழுத்துத் தூக்குங்கள். நான்கு இடத்தில் செய்யவேண்டும்.

கடுகளவுக் குஞ்சு, ஒரு விரல், இரண்டு விரல் என்று பல ஈடும் கலந்து வந்தால் குட்டை நடக்கிறது. குஞ்சே வராமல் பெரியது மட்டும் வந்தால் விரால் அதிகம், பிறந்ததெல்லாம் வாய்க்குள் போகிறது, கொஞ்சம் விராலைப் பிடித்துச் சாப்பிடுங்கள். மூன்று விரல், நான்கு விரல் ஒரே அளவில் குவிந்து வந்தால் விரால் போதாது, ஜிலேபி நெருக்கம். வீச்சுவலையை எடுங்கள்.


ஓடைக்காட்டான், தை 15

அப்பாவும் நானும் இழுத்தோம். முதல் இழுப்பில் தண்ணீர்ப்பூச்சியும் ஒரு தவளையும். இரண்டாவது இழுப்பு வலைக்கூண்டுக்குப் பக்கத்தில். தூக்கியதும் சேலை முழுக்க உயிரோடு நெளிந்தது. மகன் தட்டில் பிரித்து வைத்தான். கடுகளவு எண்ண முடியவில்லை, ஒரு விரல் 34, இரண்டு விரல் 11. எதிர் மூலைப் பாசியில் கெண்டைப்பொடி 9 மட்டும். நான்காவது இழுப்பில் ஒரு விரால் வந்தது. ஒரு சாணுக்கு மேல் இரண்டு விரல், பிடரி தடித்து உருண்டு இருந்தது. அப்பா கையிலிருந்து வழுக்கிக் கரைமேல் விழுந்து, நாங்கள் இரண்டு பேரும் பிடிப்பதற்குள் தானாகவே நெளிந்து தண்ணீருக்குப் போய்விட்டது. சோளத்தட்டு அளவு இருந்தது என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்கிறார்.


பழைய வலை, தை 15

நடக்கிறது. ஒன்றும் செய்யாதீர்கள். கெண்டைப்பொடிதான் குறைவு, அதை ஆடி ஆவணிப் புதுத்தண்ணீருக்குப் பார்த்துக்கொள்ளலாம். கொசுவலைப் பையோடு.


குட்டைக்காரன், தை 15

பிடரி உருண்டிருந்தது என்றீர்களே, அது போதும். சித்திரைக்கு முன் யாரையும் தூண்டில் போட விடாதீர்கள், மச்சானை முக்கியமாக.


சாளைவீட்டு அக்கா, தை 16

சேலை யாருடையது தம்பி?


ஓடைக்காட்டான், தை 16

அம்மாவுடையது அக்கா. பழையது என்று அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். இரண்டு முறை துவைத்துக் கொடுத்துவிட்டேன். அம்மா வாங்கவில்லை. குட்டைக்கே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.